கோழிக்கடையில் வைத்த குருவி இரத்தம்

இரத்தம் எடுப்பதற்கு முன் பறவையின் இறக்கையை விரித்து அடிப்பக்கத்தில் மெதுவாக ஊத வேண்டும். சிறகுகள் விலகிக்கொள்ளும். உள்ளே, கை மடங்கும் இடத்தில், நீல நூல் கிடப்பதுபோல ஒரு நாளம் தெரியும். மெல்லிய ஊசியால் ஒரே ஒரு குத்து. துளி வந்ததும் கண்ணாடிக் குழாயின் நுனியை அதில் தொட்டால் இரத்தம் தானாக ஏறும். பஞ்சை வைத்து அழுத்தி, கசிவு நின்றதும் கையை விரித்துவிடலாம். பறவை ஒரு கணம் உள்ளங்கையிலேயே இருக்கும், தான் விடுபட்டது அதற்கு இன்னும் தெரியாததுபோல. பிறகு போய்விடும்.

சில வருடங்கள் இதுதான் என் வேலையாக இருந்தது. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி. நானும் அம்மாவும். காலையில் பால்கனியில் நின்றால் தெரிவது காகமும் புறாவும் ரயில் பாதையும்தான். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி குருவி பிடிக்கப் போகிறாள் என்பது எங்கள் ஒழுங்கையில் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. கீழ்வீட்டு அன்ரி என்னைக் காணும்போதெல்லாம், "இண்டைக்கு எத்தினை பிடிச்சனீர்?" என்று கேட்பார், நான் ஏதோ சமைக்கப் பிடிக்கிறேன் என்பதுபோல.

நாங்கள் ஆராய்ந்தது நீண்ட வால் உள்ள ஒரு சின்னப் பறவையை. தமிழ்ப் புத்தகங்களில் அரசவால் ஈப்பிடிப்பான் என்று எழுதுவார்கள். இதில் இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒன்று இலங்கையிலேயே பிறந்து இங்கேயே வாழ்வது. அதன் ஆண் எந்த வயதிலும் செம்பு நிறம். மற்றது இந்தியாவில் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு மட்டும் கடல் தாண்டி இங்கே வருவது. அதன் ஆண், வயது ஏற ஏற வெள்ளையாகிவிடும். சிங்களத்தில் செம்பு நிறத்தானை நெருப்புத் திருடன் என்றும் வெள்ளையனைத் துணித் திருடன் என்றும் சொல்வார்கள். வெள்ளை ஆணைக் கண்டால் குழந்தைகூடச் சொல்லிவிடும், வந்தவன் என்று. சிக்கல் பெண்களிலும் இளசுகளிலும்தான். எல்லாமே ஒரே செம்மண் நிறம், ஒரே கறுப்புத் தலை. கையில் பிடித்துப் பார்த்தாலும் இது இங்கேயே இருப்பதா, அக்கரையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. வந்ததென்றால் எங்கிருந்து? மேற்கு மலைத்தொடரிலிருந்தா, வடக்கே இமய அடிவாரத்திலிருந்தா? இரத்தத்தில் மட்டும்தான் அது எழுதியிருந்தது. மரபணுவில் சில இடங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சற்று மாறியிருக்கும். இந்தியாவில் இருந்த சில ஆராய்ச்சியாளர்கள் அங்கே கூடு கட்டும் பறவைகளின் விபரங்களை எங்களோடு பகிர்ந்திருந்தார்கள். நாங்கள் எடுத்ததை அதோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு பறவையின் ஊரும் தெரிந்துவிடும்.

ஊர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா ஒருமுறை கேட்டார். ஒரு கூட்டம் முழுவதும் குளிர்காலத்தில் ஒரே ஒரு காட்டுத் துண்டை நம்பி வருகிறதென்றால், அந்தத் துண்டை வெட்டினால் அங்கே எங்கோ ஒரு மலையில் அந்தப் பறவை இல்லாமல் போகும் என்று சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வெட்டக்கூடாது எண்டு சொல்லுங்கோவன்" என்றார். அவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்தது.

எங்கள் காட்டுத் துண்டு நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஒரு சதுப்பு நிலத்தின் கரையில் இருந்தது. காடு என்று சொல்வதுகூட அதிகம். தண்ணீருக்குப் பக்கத்தில் சற்று உயர்ந்த ஒரு நிலக்கீற்று, மூங்கிலும் காட்டு மரங்களும் யாரோ எப்போதோ வைத்துக் கைவிட்ட பலா மரங்களும். விடியும்போது வலையை விரித்துவிட்டு நானும் பேராசிரியரும் பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அமர்ந்திருப்போம். அவர் சிங்களவர், ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது. நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னை "துவ" என்பார், மகளே என்று. எங்களுக்குள் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. தேநீர்ப் போத்தல் ஒன்றை இருவரும் பகிர்ந்துகொள்வோம். என் வாழ்வில் அவ்வளவு அமைதியாக யாரோடும் இருந்ததில்லை.

நல்ல சுத்தமான மதுசாரத்தில் போட்டுவைத்தால் இரத்தம் மேசை மேலேயே பல வருடம் கெடாது. ஆனால் மதுசாரம் வாங்க அனுமதி வேண்டும். அந்த வருடம் அனுமதி இழுபட்டது. வந்தபோது நாட்டில் டொலர் இல்லை, இறக்குமதியாளரிடம் பொருள் இல்லை. பருவமோ நமக்காக நிற்காது, பறவைகள் வந்துவிட்டன. அதனால் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் மருந்து பூசிய சின்னக் குப்பிகளில் எடுத்து, நேரே ஃபிரீசரில் வைத்தோம். ஃபிரீசர் இருக்கும்வரை அதுவும் நல்ல முறைதான். மிஸ் அப்போதே ஒருமுறை தயங்கினார். வேறு வழி இருக்கவில்லை.

முதல் தொகுதியைச் சோதித்தபோது எங்கள் இருவருக்கும் நம்ப முடியவில்லை. உள்ளூர் என்று நாங்கள் நினைத்திருந்த பெண் பறவைகளில் பெரும்பாலானவை உள்ளூரே இல்லை. அக்கரையிலிருந்து வந்தவை, அதுவும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவை போலத் தெரிந்தது. அங்கே அந்தக் கூட்டம் குறைந்துகொண்டு வருகிறது என்று இந்தியாவிலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மிஸ் கணினித் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது உண்மையென்றால் அந்தக் கரையில் ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது, துவ. ஆனால் இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து வாய் திறக்க முடியாது. மீதியையும் பார்ப்போம்" என்றார். மீதி எல்லாம் ஃபிரீசரில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் சதுப்பு நிலத்துக்கு ஒரு திட்டம் வரைகிறார்கள் என்று தெரியவந்தது. எதைப் பாதுகாப்பது, எதை வீதிக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் விடுவது என்று தீர்மானிக்கும் வரைபடம். பறவைகள் பற்றி எங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களை யாரும் கேட்பதே அபூர்வம். மிஸ் அன்று கன்ரீனில் எனக்குச் சோறு வாங்கித் தந்தார்.

பிறகு மின்வெட்டு தொடங்கியது. முதலில் கொஞ்ச நேரம், பிறகு பாதி நாள். ஊர் ஏ, பி, சி என்று எழுத்துகளாகப் பிரிக்கப்பட்டு, எந்த எழுத்துக்கு எப்போது கரண்ட் போகும் என்று எல்லோரும் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழகத்தின் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. நாங்கள் ஃபிரீசரைப் போர்வைகளால் சுற்றினோம், கதவைத் திறக்காமல் இருந்தோம், ஒட்டுத்தாளில் "திறக்காதீர்கள்" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினோம். ஒரு மத்தியானம் மிஸ் என்னைக் கூப்பிட்டார். இருண்ட ஆய்வுகூடத்தில் தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு குப்பியைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். உள்ளே உருகிய இரத்தம் மெல்ல அசைந்தது.

"எங்கேயாவது ஜெனரேட்டரோடு ஒரு ஃபிரீசர் இருக்கிறதா, யோசி" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பெரியப்பா மகன். கொட்டாஞ்சேனையில் உறைந்த கோழியும் மீனும் விற்கும் கடை வைத்திருந்தார். சிறுவயதில் லீவுக்கு அவர்கள் வீட்டில்தான் நிற்பேன்; அண்ணா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அகலமான ஆள், குரலும் அப்படித்தான். கடையின் பின்னால் ஜெனரேட்டர் இருந்தது. குப்பிகளை வெள்ளை நுரைப்பலகையாலான ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸோடு அடுக்கி, ஓட்டோ பிடித்துக்கொண்டு போனேன். மடியில் பெட்டி. ஓட்டோக்காரர் உள்ளே கேக் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன்.

அண்ணா பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்ன தங்கச்சி இது, ஊசி போடுற மருந்தே?"

"இல்லை அண்ணா. குருவியின்ர இரத்தம்."

கல்லாவில் இருந்த அண்ணி நிமிர்ந்தார். "என்ன நீர் சொல்லுறீர்? சாப்பாட்டுச் சாமான் வைக்கிற இடத்தில இரத்தமோ? பறவைக் காய்ச்சல் எண்டு சனம் கதைச்சா எங்கட கடை என்னாகும்?"

அவர் கேட்டது நியாயம். மூடி இறுக்கியிருக்கிறது, மூன்று பைகளுக்குள் கட்டியிருக்கிறது, கோழியைத் தொடாது என்று விளக்கினேன். அண்ணிக்கு அது போதவில்லை. அண்ணா என்னிடம், "எந்தக் குருவி? காட்டு" என்றார். தொலைபேசியில் வெள்ளை ஆணின் படத்தைக் காட்டினேன். இரண்டு வெள்ளை நாடா போல வால் காற்றில் வளைந்திருந்த படம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவு. இது எங்கட ஆளோ, வெளியாலயோ?"

"அதைத்தான் அண்ணா பாக்கிறம். இவன் வெளியால. பெண்டுகளைத்தான் பிரிச்சுச் சொல்ல ஏலாம இருக்கு."

அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். "இந்த நாட்டில தமிழரிட்ட இவ்வளவு காலமும் கேட்ட கேள்வியை இனிக் குருவியளிட்டயும் கேக்கப்போறியள் என்ன?"

நானும் சிரித்தேன். பிறகு அது பற்றி எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அன்று சிரித்தேன். பின்னறையில் ஐஸ்கிறீம் வைக்கும் சின்ன ஃபிரீசர் ஒன்று தனியாக இருந்தது. அதை ஒதுக்கித் தந்தார். அண்ணியிடம், "கோழி இஞ்ச, குருவி அங்க. ரெண்டும் சந்திக்காது. சரியே?" என்றார். அன்று மதியம் அண்ணி எனக்குச் சோறு போட்டுத் தந்தார், பேசாமலே.

அதன்பிறகு கிழமைக்கு ஒருமுறையாவது கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பஸ் வந்தால் பஸ், இல்லாவிட்டால் ரயிலில் கோட்டைவரை போய் அங்கிருந்து நடை. ஃபிரீசரின் வெப்பமானியைப் பார்ப்பேன், எழுதிக்கொள்வேன், மிஸ்ஸுக்குச் சொல்வேன். அண்ணா நான் கேட்காமலே ஒவ்வொரு காலையும் அதைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கினார். படத்தின் கீழ் "உங்கட ஆக்கள் நல்லாய் நித்திரை கொள்ளுகினம்" என்று எழுதியிருப்பார்.

கடை தேய்ந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. கோழித் தீன் வரவில்லையென்று பண்ணைகள் மூடின. விலை ஏற ஏற வாங்குவோர் குறைந்தார்கள். டீசலுக்காக அண்ணா பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். சில நாள் கிடைக்கும், சில நாள் வெயிலில் நின்றுவிட்டு வெறும் கானோடு வருவார். பெரிய ஃபிரீசர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். மூடியைத் திறந்து, உள்ளே துடைத்து, காய வைத்தார். நான் போன ஒரு நாள் கடையின் முன்பக்கம் முழுவதும் மூடிகள் திறந்தபடி கிடந்தன. பின்னறையில் மட்டும் ஜெனரேட்டர் சத்தம். ஒழுங்கைச் சனம் தொலைபேசிகளைச் சார்ஜ் போட வந்து நின்றார்கள். அண்ணா யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

அண்ணி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "கோவிக்காதையும். கடையில விக்க ஒரு கோழி இல்லை. உம்மட குருவி இரத்தத்துக்கு மட்டும் மெசின் ஓடுது. நான் சொன்னா அவர் கேக்கிறார் இல்லை. நீராவது சொல்லும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணாவிடம் போய், எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

"எங்க கொண்டுபோவாய்?"

நான் வெப்பமானியைப் பார்க்கத் திரும்பினேன்.

"அப்ப சும்மா இரு" என்றார். "என்ர சாமான் போனாத் திரும்ப வாங்கலாம். நீங்கள் அந்தக் குருவிகளைத் திரும்பப் பிடிப்பியளே?"

இதை அவர் பெரிய காரியமாகச் சொல்லவில்லை, கானைக் குலுக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

டீசல் முடிந்த நாளில் காலையில் படம் வரவில்லை. அழைப்பு வந்தது. "தங்கச்சி, இனி ஏலாது. ரெண்டு நாளாய் வரிசையில நிண்டு இப்பதான் வந்தனான். அடுத்த டீசல் பவுசர் லொறி எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். நீ வா. நான் ஐஸ் தேடிப் பாக்கிறன்."

வெள்ளவத்தையில் ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. இரண்டு ரயில்களில் ஏற முடியவில்லை. மூன்றாவதில் படியில் தொங்கிக்கொண்டு போனேன். கோட்டையிலிருந்து புறக்கோட்டை வழியாக நடந்தேன். கடைகள் பாதி மூடியிருந்தன. மத்தியான வெயிலில் பெட்டியும் இல்லாமல் எதற்கு ஓடுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. போய்ச் சேர்ந்து என்ன செய்யப்போகிறேன்? ஆனாலும் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அண்ணா மீன்காரர்களிடம் கெஞ்சிப் பாளம் பாளமாக ஐஸ் வாங்கியிருந்தார். ஃபிரீசருக்குள் மரத்தூளும் உப்பும் போட்டு ஐஸை அடுக்கி, நடுவில் எங்கள் பெட்டியை வைத்திருந்தார். அவர் கைகள் சிவந்து போயிருந்தன. அண்ணியும் அங்கேதான் நின்றார். சாக்குகளை நனைத்து மூடிமேல் போர்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தண்ணி குடியும் முதல்ல" என்றார்.

மிஸ் தன் பழைய நண்பர்கள் எல்லோருக்கும் அழைத்துப் பார்த்தார். கரண்ட் இருக்கிற ஃபிரீசர் ஒன்றைக் கண்டுபிடித்தபோது அங்கே கொண்டுபோக வாகனத்துக்கு எண்ணெய் இருக்கவில்லை. வாகனம் கிடைத்தபோது நாட்கள் போய்விட்டன. ஐஸ் உருக உருக அண்ணா புது ஐஸ் தேடினார். ஐஸ் தொழிற்சாலைக்கும் கரண்ட் வேண்டுமே. கடைசியில் ஃபிரீசர் முழுக்க மரத்தூள் மிதக்கும் தண்ணீராக இருந்தது.

மிஸ் முதன்முறையாக அந்தக் கடைக்கு அன்றுதான் வந்தார். யாருடையவோ சைக்கிளில் பாதித் தூரம், மீதி நடை. புடவையின் கரை முழுக்கத் தூசி. அண்ணா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மிஸ் உட்காராமல் நேரே பின்னறைக்குப் போய் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். இரத்தம் கறுத்திருந்தது. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறவில்லை. மூடியைத் திரும்ப மிகக் கவனமாக, ஒவ்வொரு திருகாக, மூடினார்.

"மிஸ், சரிவருமா?" என்று அண்ணா சிங்களத்தில் கேட்டார்.

"பார்ப்போம்" என்றார் மிஸ். "நீங்கள் செய்தது பெரிய உதவி."

அண்ணாவுக்கு விளங்கிவிட்டது. கோழிக்கடைக்காரருக்குக் கெட்ட வாடை தெரியாதா? வெளியே போய் ஜெனரேட்டர் அருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணி எல்லோருக்கும் சீனியில்லாத தேநீர் கொண்டுவந்தார். மிஸ் அதை முழுவதும் குடித்தார்.

சோதனைக்கான இரசாயனங்கள் வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்து. எல்லாக் குப்பிகளையும் சோதித்தோம். நல்ல மரபணு என்றால் கோடு கோடாகத் தெளிவாக நிற்கும். எங்களுக்கு வந்தது மழையில் நனைந்த மைபோல நீளமாக இழுபட்ட மங்கல். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் மட்டும் ஏதோ தெரிந்தது, அவையும் ஒன்றுக்கொன்று முரணாக. நான் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். மிஸ் ஒருநாள் வந்து என் கையிலிருந்து குழாயை வாங்கிக் கீழே வைத்தார். "போதும், துவ. உள்ளே ஒன்றும் இல்லை" என்றார். இடையில் ஒரு பருவம் முழுவதும் எண்ணெயில்லாமல், அனுமதியில்லாமல், ஒரு வலைகூட விரிக்காமல் போயிருந்தது.

திட்டக் கூட்டத்துக்கு இருவரும் போனோம். குளிரூட்டிய அறை, இப்போது எல்லா இடத்திலும் கரண்ட் இருந்தது. அறிக்கையைப் படித்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். கரையோர மரக்கீற்றில் விரலை வைத்து, "மிஸ், இந்தப் பறவைகளுக்கு இந்த இடம்தான் வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியுமா? வேறெங்கும் போகமாட்டாவா?" என்று கேட்டார்.

மிஸ் அவருடைய விரலின் கீழிருந்த மரக்கீற்றைப் பார்த்தார். பொய் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்தது. ஒரே ஒரு ஆம். நான், சொல்லுங்கள் மிஸ், சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார் மிஸ். "முதல் தொகுதி அப்படிக் காட்டுகிறது. நிரூபிக்கத் தேவையான அளவு என்னிடம் இல்லை."

"நான் உங்களை நம்புகிறேன்" என்றார் அந்த அதிகாரி. உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். "ஆனால் நான் மேலே கொடுக்கும் கடிதத்தில் நினைக்கிறேன் என்று எழுத முடியாதே."

தண்ணீரையும் நாணலையும் பாதுகாத்தார்கள். நீர்ப்பறவைகளை எண்ணிய கணக்கு இருந்தது. உயர்ந்த நிலக்கீற்று வீதிக்குப் போனது. மழைக்கு முன்னரே மூங்கிலை வெட்டிவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது மிஸ்ஸிடம் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. அவர் ஓட்டோவின் ஓரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார், திடீரென்று மிகவும் வயதானவர்போல. அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றார்.

மூங்கிலை வெட்டிய அதே வருட ஒக்ரோபரில், பறவைகள் வரும் காலத்தில், இருவரும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். பச்சைத் தகர வேலி அடித்திருந்தார்கள். உள்ளே ஒரு மண்வாரி இயந்திரம். பக்கத்து வீட்டு மாமரத்தில் ஒரு செம்மண் நிறப் பறவை கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. வேலி வரை வரும், மறுபடியும் மாமரத்துக்குப் போகும். மிஸ் தூரக்கண்ணாடியை என்னிடம் தந்தார். காலில் வளையம் இருந்தது. இரத்தம் எடுக்கும்போது நாங்கள் போட்ட வளையம், நிறத்தைப் பார்த்தால் எந்தக் குப்பி என்று தெரியும். ஒரு கரண்டி அரிசியின் எடைகூட இல்லாத பறவை, ஒருவேளை அத்தனை தூரம் பறந்து, தான் போன தடவை இருந்த அதே மரத்தைத் தேடி வந்திருந்தது. அது எந்தக் கூட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன் இரத்தமும் அண்ணாவின் கடையில்தான் இருந்தது.

அந்த வீட்டுக்காரர் கேற்றைத் திறந்து, உள்ளே வந்து பாருங்கள் என்றார். மரத்தடியில் நெடுநேரம் நின்றோம். அடுத்தடுத்த கிழமைகளில் நான் தனியாகப் போனேன். பறவை இல்லை.

இப்போது நான் காலி வீதியில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மனிதர்களின் இரத்தம். ஜெனரேட்டர் தானாக இயங்கும், ஃபிரீசர் சூடானால் மணி அடிக்கும். அண்ணா கடையைத் திரும்பத் திறக்கவில்லை. அண்ணிக்கு இங்கிலாந்தில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்து, குடும்பமாகப் போய்விட்டார்கள். கடையிருந்த இடத்தில் இப்போது தொலைபேசி திருத்துகிறார்கள்.

போன மாதம் அண்ணா அழைத்தார். குளிரைப் பற்றி, வேலையைப் பற்றி, அங்கே கோழி எவ்வளவு ருசியில்லை என்பது பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்.

"அது சரி, உன்ர குருவி விசயம் என்னாச்சு? அந்த இரத்தம் ஒண்டுக்கும் உதவேல்லையோ?"

அவர் வெளியேறும்போது இதைக் கேட்கவில்லை. இத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். பின்னால் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"உதவிச்சு அண்ணா" என்றேன். "எல்லாம் இல்லை. கொஞ்சம்."

"பாத்தியே!" என்றார். "இஞ்சரும், கேட்டீரே? அந்த இரத்தம் உதவினதாம்!"

அண்ணி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணா சிரித்தார். அந்தக் காட்டைக் காப்பாற்றியாச்சா என்று அடுத்து கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டார். நான் அதைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினேன்.